படகு விளக்கு மங்குகிறது: 12.4 வோல்ற் எங்கே போகிறது?

கேள்வி: திருகோணமலை திருக்கடலூரில் எங்கள் மீன்பிடிப் படகில் 12 வோல்ற், 55 வாற் ஹலஜன் விளக்குப் பூட்டியிருக்கிறோம். புது பல்ப், ஆனாலும் வெளிச்சம் மங்கல். மகன் சாதாரண தரம் படிக்கிறான். எரியும்போது பற்றரியில் 12.4 வோல்ற், ஓட்டம் 4 அம்பியர்; ஆகவே தடை 3.1 ஓம், வலு 49.6 வாற் என்கிறான். விளக்கின் முனையில் மட்டும் 10 வோல்ற்தான் காட்டுகிறது. இடையில் 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், 8 மீற்றர்.

பதில்: தம்பியின் கணக்கில் பிழையில்லை. வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை, பெருக்கினால் வலு. ஆனால் வோல்ற்றை எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தோமோ, அந்த முனைகளுக்கு இடைப்பட்ட பகுதிக்குத்தான் விடை பொருந்தும். பற்றரியில் அளந்த 12.4, விளக்கு, வயர், வயரை இணைத்து டேப் சுற்றிய மூட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்தது.

விளக்குக்குத் தனியாக: 10 ஐ 4 ஆல் வகுத்தால் 2.5 ஓம், பெருக்கினால் 40 வாற். 55 கேட்கும் பல்புக்கு 40 தான் போகிறது. ஹலஜனில் வோல்ற் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் வேகமாக விழும். 10 வோல்ற்றில் பாதி அளவுதான் மிஞ்சும்.

மீதி 2.4 வோல்ற் வழியிலேயே போகிறது. 2.4 ஐ 4 ஆல் வகுத்தால் 0.6 ஓம், 9.6 வாற் வெறும் சூடு. அந்த வயர் மீற்றருக்கு ஏறக்குறைய 0.012 ஓம். போக 8, வர 8, ஆக 16 மீற்றருக்கு 0.2 ஓம் கூட வராது. அப்படியென்றால் மீதி 0.4 ஓம் எங்கே?

மூட்டிலோ, சுவிச்சிலோ, பியூஸ் கூட்டிலோ இருக்கும். எனக்கு மூட்டில்தான் சந்தேகம். டேப்பைப் பிரித்துப் பாருங்கள். உப்புத்தண்ணி இறங்கிய இடத்தில் செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்து, தொட்டால் மாவாக உதிரும். விளக்கு எரியும்போதே மூட்டின் இரு பக்கத்திலும் மீற்றரின் ஊசிகளை வைத்தால் 1.6 வோல்ற் அளவு காட்டும். நல்ல மூட்டில் கிட்டத்தட்டப் பூச்சியம்தான். அந்தச் சின்ன இடத்தில் 6.4 வாற் சூடு உட்கார்ந்திருக்கிறது. டேப் இளகி ஒட்டுவது அதனால்தான். பெற்றோல் வைத்திருக்கும் படகில் இதை நாளைக்கு என்று தள்ளவே வேண்டாம்.

பழைய மூட்டை மினுமினுக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். முடிந்தால் வயரையே 4 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றுங்கள். பற்றரிப் பக்கத்தில் பியூஸ் கட்டாயம்.

அப்புறம், தம்பிக்கு ஒரு விஷயம். அணைத்த பல்பை ஓம் மீற்றரில் வைத்தால் கால் ஓம் அளவுதான் காட்டும், 2.5 வராது. மீற்றர் பழுதில்லை. குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். ஆகவே எரிய வைத்து வோல்ற்றும் அம்பியரும் அளந்து வகுப்பதே சரி. அம்பியர் அளக்கும்போது மீற்றரை வரிசையில்தான், அதாவது ஓட்டம் மீற்றருக்குள்ளால் போகும்படிதான், போட வேண்டும். 10 அம்பியர் துளையில் ஊசி இருக்கும்போது பற்றரியின் இரு முனைகளிலும் நேரே வைத்தால் குறுஞ்சுற்றாகிவிடும்.

வேலை முடிந்ததும் விளக்கு முனையில் மறுபடி பாருங்கள். தடித்த வயரோடு 12 வோல்ற் அளவுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் அடுத்து சுவிச்சைக் கழற்றுங்கள்.