கோப்புறை உங்களுடையது, கோப்பு யாருடையது?

கேள்வி: புறக்கோட்டையில் மின்சாதன மொத்த வியாபாரம் செய்கிறோம். கொட்டேஷன், இன்வொயிஸ், ஸ்டொக் ஷீட் எல்லாவற்றையும் ஆறு பேரும் கூகுள் டிரைவில் ஒரே கோப்புறையில் போடுகிறோம். கோப்புறையை உருவாக்கியவன் நான். இப்போது ஒரு பையனுக்கு 'இடம் போதாது' என்று வருகிறது. மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டும் போகிறார். என் கணக்குக்கு 100 ஜிபி வாங்கினால் சரிவருமா?

பதில்: வராது. உங்கள் கோப்புறைக்குள் அவர் ஏற்றிய கோப்பு அவருடையதுதான். அது அவருடைய இலவச 15 ஜிபியில்தான் கழியும். அதே 15 ஜிபிக்குள்தான் அவருடைய ஜிமெயிலும் ஃபோட்டோஸும் இருக்கின்றன. ஆகவே அந்த இடத்தை நிரப்பியது உங்கள் இன்வொயிஸாகவும் இருக்கலாம், அவர் வீட்டுக் கல்யாண வீடியோவாகவும் இருக்கலாம். இடம் நிறைந்த பிறகு புதிய கோப்பு ஏறாது, ஜிமெயிலுக்கு மெயிலும் வராது.

இடத்தை விட அவசரமானது அவர் போவது. அவர் தன் கோப்புகளை அழித்தால் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடந்து, பிறகு எல்லோருக்கும் இல்லாமல் போகும். கணக்கை மூடினாலும் அதே கதிதான். இரண்டு வருடம் திறக்காமல் விட்டால் கூகுளே கணக்கை அழிக்கலாம்.

அவர் இருக்கும்போதே கணினியில், பிரவுசரில், இதைச் செய்யுங்கள். கோப்பைத் தெரிவு செய்து 'i' குறியை அழுத்தினால் உரிமையாளர் யார் என்று தெரியும். அவருடைய கணக்கிலிருந்து 'ஷெயார்' திறந்து, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உரிமையை மாற்றும் தெரிவை அழுத்த வேண்டும். உங்களுக்கு ஒரு மெயில் வரும். அதை நீங்கள் ஏற்கும் வரை எதுவும் மாறாது. பலர் தவறுவது இங்கேதான். இன்னொன்று: கோப்புறையின் உரிமையை மாற்றினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் உரிமை கூடவே மாறாது. அவற்றைத் தனியே தெரிவு செய்து மாற்றுங்கள். நேரமில்லையா, முழுவதையும் டவுன்லோட் செய்து உங்கள் கணக்கிலிருந்து மறுபடி ஏற்றிவிடுங்கள். பழைய லிங்க்குகள் உதவாமல் போகும்.

இனிமேல் கடைப் பெயரில் தனி ஜிமெயில் ஒன்று வைத்து, புதிய கோப்பு எதையும் அதிலிருந்தே தொடங்குங்கள். மற்றவர்கள் அதைத் திருத்தினாலும் உரிமை மாறாது. 100 ஜிபி வாங்குவதானால் அந்தக் கணக்குக்கு வாங்குங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான (கடவுச்சொல்லுக்கு மேலே இன்னொரு உறுதிப்படுத்தல் கேட்பது) ஃபோன் உங்கள் கையில் இருக்கட்டும். கோப்புகள் நிறுவனத்துக்கே சொந்தமாகும் 'ஷெயார்ட் டிரைவ்' வசதி நிறுவனங்களுக்கான கட்டணச் சேவையான கூகுள் வேர்க்ஸ்பேஸில் உண்டு. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட வேண்டும்; ஆறு பேர் கடைக்கு இப்போதைக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் எண்ணம்.

கேள்வி: கணக்காளருக்கு அனுப்பிய சம்பள ஷீட்டின் லிங்க் கடை வாட்ஸ்அப் குழுவுக்கே போய்விட்டது. என்ன செய்வது?

பதில்: வாட்ஸ்அப்பில் மெசேஜை அழிப்பதற்கு முன் டிரைவில் பொது அணுகலை 'லிங்க் உள்ள எவரும்' என்பதிலிருந்து 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். உடனே அந்த லிங்க் வெளியாட்களுக்குத் திறக்காது. பிறகு கணக்காளரின் மெயில் முகவரியை மட்டும் சேருங்கள். பார்க்க மட்டும் என்றால் 'வியூவர்' போதும். பகிர்வு அமைப்பில் வியூவர்களுக்கான டவுன்லோட், பிரிண்ட், கொப்பி தெரிவையும் எடுத்துவிடுங்கள். ஏற்கனவே டவுன்லோட் செய்தவரிடம் உள்ள பிரதியை இங்கிருந்து அழிக்க வழியில்லை. ஸ்க்ரீன்ஷொட்டையும் தடுக்க முடியாது.