வறுமை குவிந்துள்ள குடியிருப்புகளை அரசின் திட்டங்கள் உண்மையிலேயே மாற்றியிருக்கின்றனவா?

காவிரிப் படுகையில் மாற்றியிருக்கின்றன. ஆனால், வீடு கட்டிக் கொடுத்த திட்டங்களைவிட, குடியிருந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டமே பெரிய மாற்றத்தைச் செய்தது என்பது கீழத்தஞ்சையில் (இன்றைய நாகை, திருவாரூர்ப் பகுதியில்) பிறந்து வளர்ந்த என் உறுதியான கருத்து.

இங்கே ஊரை விட்டு விலகி, வயல்களுக்கு நடுவே இருந்த தெருக்களில் வறுமை குவிந்தது தற்செயலாக நேர்ந்ததன்று. பண்ணையாட்களின் குடிசைகள் மிராசுதாரின் மனையில் இருந்தன. கூலியை உயர்த்திக் கேட்டவர் வேலையோடு, குடியிருக்கும் இடத்தையும் இழக்க நேரிடும் என்ற அச்சமே அவர்களை அடக்கி வைத்திருந்தது. கூலிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணி என்ற ஊரில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் 1969-இல் நியாயக் கூலிச் சட்டமும், 1971-இல் குடியிருப்பவருக்கே மனையை உரிமையாக்கும் சட்டமும் வந்தன. மனை கைக்கு வந்த பிறகு, கூலி பேசவும், ஒரு பண்ணையை விட்டு வேறிடத்தில் வேலைக்குப் போகவும், பட்டாவைக் காட்டி அரசு வீடு கேட்கவும் அந்தக் குடும்பங்களால் முடிந்தது.

வீட்டுத் திட்டங்களும் தேவையானவையே. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, திருவாரூர்ப் பகுதிகளின் குடிசைகளைச் சிதைத்ததைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஆனால், தாழ்வான இடத்தில் கட்டிய கான்கிரீட் வீட்டைச் சுற்றியும் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கத்தான் செய்கிறது. மனையை மேடாக்குவதும் வடிகாலும் இல்லாமல் கட்டப்படும் வீடு பாதி உதவியே.

அறுவடை இயந்திரம் வந்த பிறகு கதிர் அறுப்பு வேலை பெரும்பாலும் போய்விட்டது. இளைஞர்கள் திருப்பூருக்குப் போகிறார்கள். 2006-இல் முதல் கட்டத்திலேயே நாகை மாவட்டத்துக்கு வந்த நூறு நாள் வேலை, வயலில் வேலையில்லாத கோடை மாதங்களில் பெண்களின் கையில் பணம் புழங்க வைத்தது. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் விளைநிலம் வாங்க மானியம் தரும் நன்னிலம் திட்டத்தை நான் இன்னும் முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் அது கூலி வாங்குபவரையே நிலத்துக்கு உரியவராக்குகிறது.

கோயில், மடங்களுக்குச் சொந்தமான மனைகளில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் குடும்பங்கள் பல, இன்றும் பட்டா இல்லாமல் வாடகை கட்டி வருகின்றன. பட்டா இல்லாததால் அரசின் வீட்டுத் திட்டங்களுக்கும் அவர்களால் எளிதில் விண்ணப்பிக்க முடிவதில்லை. அறநிலையத்தின் உரிமைக்கும் கேடு வராமல், குடியிருப்பவர்களுக்கும் நிலையான உரிமை கிடைக்கும் வகையில் அரசு முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான்.