39 வயதில் கராத்தேயில் ஒலிம்பிக் தங்கம் எப்படிச் சாத்தியம்?

ஸ்பெயினின் சான்ட்ரா சான்செஸைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் ஆடியது இருவர் மோதும் குமித்தே அல்ல, கட்டா. எதிரே ஆள் கிடையாது, அடி வாங்கும் பேச்சே இல்லை. வகுக்கப்பட்ட அசைவு வரிசையைத் தனியாகச் செய்துகாட்ட வேண்டும். அதனால் கட்டாவில் பல வருடப் பயிற்சிக்கு மதிப்பு அதிகம். அதற்காக எளிது என்று எண்ண வேண்டாம். வேகம், சமநிலை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏழு நடுவர்கள். நுட்பத்துக்கு 70 சதவீதம், உடல்திறனுக்கு 30 சதவீதம். இரண்டிலும் மேலே இரண்டு, கீழே இரண்டு மதிப்பெண்களைக் கழித்துவிட்டு, மிஞ்சிய மூன்றைத்தான் கூட்டினார்கள். ஒரு நடுவர் வாரி வழங்கினாலும் பலிக்காது!

2021 ஆகஸ்ட் 5, நிப்பான் புடோகான் அரங்கம். ஜப்பானின் கியோ ஷிமிசு சொந்த மண்ணில் 27.88 எடுத்தார், சான்ட்ரா 28.06. வித்தியாசம் வெறும் 0.18.

என்னை வியக்க வைப்பது அந்தத் தங்கத்தைவிட அவருடைய தாமதம்தான். சின்ன வயதிலேயே கராத்தே தொடங்கியவர், முதல் ஐரோப்பியப் பட்டம் வென்றது 2015-இல், 33 வயதில். பலர் ஓய்வை யோசிக்கும் வயது அது. பிறகு 2018-இல் மாட்ரிட்டிலும் 2021-இல் துபாயிலும் உலகப் பட்டம். 2022-இல் விடைபெற்றார்.

பட்டத்தைக் காக்க ஒலிம்பிக்கில் வாய்ப்பே இல்லை. பாரிஸ் 2024-இல் கராத்தேயைச் சேர்க்கவில்லை.