தோப்பை விற்க வேண்டாம் ஐயா

போன சனிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தது. அப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா அதிகம் பேசவில்லை, கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மகளுக்கு 31 வயது. எம்பிபிஎஸ், அப்புறம் எம்டி பொது மருத்துவம் முடித்துவிட்டு, மூன்று வருடமாக ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் வேலை. அந்த வேலையை விட்டுவிட்டு, நோய் ஏன் வந்தது என்று வேரைப் பார்த்துச் சரிசெய்கிற சின்ன கிளினிக் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கப் போகிறேன் என்கிறாள்.

"இவ்வளவு படிக்க வெச்சு, கடைசியில சாப்பாட்டுக்கு யோசனை சொல்ற கிளினிக்கா சார்?" என்று கேட்கும்போதே அப்பாவின் குரல் கம்மியது.

அவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்தேன். பயப்படாதீர்கள், இது உலகம் அழிகிற விஷயம் இல்லை என்றேன். ஆறுதல் அத்தோடு முடிந்தது. ஏனென்றால் அடுத்து அவர் எடுத்து வைத்தது ஒரு காகிதம். எம்டிக்கு மேல் படிக்கும் சிறப்புப் படிப்பான டிஎம், அதில் குடல் இரைப்பை மருத்துவம், மூன்று வருடம், கட்டணமும் மற்ற செலவும் சேர்த்து ஒரு கோடிக்கு மேல். அய்யம்பாளையம் பக்கம் இருக்கும் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை விற்றால் பாதி வரும், மீதிக்கு வங்கிக் கடன். சீட் வாங்கித் தர "ஆள் இருக்கு" என்று மைத்துனர் சொல்லியிருக்கிறார். டிஎம் போட்டால்தான் அதே தகுதியில் மாப்பிள்ளை அமையும் என்று பெரியப்பா வீட்டில் சொல்கிறார்கள்.

ஐயா, அன்றைக்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த "ஆள்". தனியார் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழக டிஎம் இடங்கள், நீட் எஸ்எஸ் என்ற நுழைவுத் தேர்வு வழியாக மத்தியக் கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. மதிப்பெண் இருந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் இல்லை. நடுவில் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு இடம் "பிடித்து" வைக்க வழியே கிடையாது. அப்படிச் சொல்கிறவர் உங்கள் தோப்பைத்தான் பார்க்கிறார், உங்கள் மகளை அல்ல.

சரி, மதிப்பெண் எடுத்து நேர்மையாகவே இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டிஎம் படிப்பில் குறை ஒன்றும் இல்லை. எண்டோஸ்கோப்பி அறையில் நாள் முழுக்க நிற்பதில் சந்தோஷம் காணும் பிள்ளைக்கு அது அருமையான படிப்பு. உங்கள் மகளுக்கு அந்தப் பக்கம் மனசே இல்லை. மனசில்லாத படிப்புக்கு ஒரு கோடி கட்டியபின் அவள் 34 வயதில் கடன்காரியாக வெளியே வருவாள். அந்தக் கடனை அடைக்க, வேண்டாத பரிசோதனை எழுதச் சொல்லும் எந்த நிர்வாகத்துக்கும் தலையாட்ட வேண்டியிருக்கும். இன்று அவள் எதிலிருந்து ஓட நினைக்கிறாளோ, அதற்குள்ளேயே நீங்கள் பணம் கட்டித் தள்ளுகிறீர்கள். வெளிநாட்டுத் தேர்வு, அரசுப் பணி பற்றியும் கேட்டீர்கள். அவளுக்கு எல்லாம் தெரியும், யோசித்து ஒதுக்கிவிட்டாள். அதை விடுவோம்.

இப்போது அவள் கொண்டுவந்த நோட்டைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாற்பது பக்க சாதாரண கோடு போட்ட நோட்டு. மருத்துவமனையில் ஒரு காலைக்கு எழுபது, எண்பது பேரைப் பார்க்கிறாள். ஒருவருக்கு மூன்று நிமிடம். சர்க்கரை குறையாமல் திரும்பத் திரும்ப வருகிறவர்களிடம், டூட்டி முடிந்தபின் உட்கார்ந்து பேசி எழுதியிருக்கிறாள்: எப்போது தூங்குகிறீர்கள், எங்கே சாப்பிடுகிறீர்கள், வீட்டில் யார் சமைக்கிறார்கள். ஒரு பக்கத்தில் பேருந்து ஓட்டுநர் ஒருவர். இன்சுலின் அளவை மூன்று முறை கூட்டியும், மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 10.2. இரவு டூட்டியில் பதினொன்றரை மணிக்குப் பரோட்டா, சால்னா, கண் அயராமல் இருக்க நான்கு டீ, பகலில் நான்கு மணி நேரத் தூக்கம். இவள் கடிதம் எழுதிக் கொடுக்க, டெப்போவில் பகல் டூட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். நான்கு மாதத்தில் 7.8. பக்கவாட்டில் சிவப்பு மையில் "இன்சுலின் குறைத்தாச்சு" என்று குறித்திருக்கிறாள்.

ஐயா, இது பொழுதுபோக்கு இல்லை. இந்த வேலையில் அவளுக்கு இருக்கும் கூர்மை ஒரு கோடி கட்டினாலும் வாங்க முடியாதது.

அவள் செய்ய நினைப்பது ஊர் பேர் தெரியாத வித்தை என்றும் நினைக்காதீர்கள். இதற்கான ஆதாரத்தில் ஒரு பெரும்பகுதி சென்னையிலேயே உருவானது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடை, உணவு மாற்றத்தைத் தொடர்ந்து பின்பற்ற வைத்தவர்களில் சுமார் 39 சதவீதம்தான். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது மாத்திரை தந்த பலனை வாழ்க்கைமுறை மாற்றமே தந்தது. அதே குழு 2013இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஆலைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் 537 ஆண்களில் ஒரு பாதிக்கு இரண்டு வருடம் செல்பேசிக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்துக்கு நோய் வந்தது, பெறாதவர்களில் 27 சதவீதத்துக்கு. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' என்ற ஆய்வில், நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை எடை குறைய வைத்ததில் 46 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தார்கள்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2023இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்தபின் மாத்திரை வீடு தேடி வருகிறது, அது பெரிய காரியம். பக்கத்தில் உட்கார்ந்து ஆறு மாதம் பின்தொடரும் மருத்துவர் எங்கே? திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் எத்தனை நூற்பாலைகள், எத்தனை பேர் ஷிப்ட் வேலையில். உங்கள் மகளுக்கான களம் அது. டாக்டர்கள் பலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனாலேயே சொல்கிறேன்.

அது எப்படி நடக்கும் என்று கேட்டீர்களே, கணக்கோடு சொல்கிறேன். கட்டில் வேண்டாம், ஐசியு வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். இரண்டு அறையும் இருபது பேர் உட்காரும் கூடமும் உள்ள வாடகை வீடு போதும். முன்பணம், மேசை நாற்காலி, எடை இயந்திரம், இரத்த அழுத்தக் கருவி, ஈசிஜி, கணினி எல்லாம் சேர்த்து எட்டு லட்சத்துக்குள் முடிக்கலாம். உங்கள் ஊர் விலைவாசியில் மாதச் செலவு: வாடகை 18,000, உணவியல் நிபுணர் 28,000, செவிலியர் 18,000, வரவேற்பில் ஒரு பெண் 14,000, மின்சாரம், போன், மருத்துவக் கழிவு எல்லாம் 12,000. ஆக 90,000.

வரவு, ஒரு முறை பார்க்க இவ்வளவு என்று இருக்கக் கூடாது. ஆறு மாதத் திட்டம், 12,000 ரூபாய், தவணையில் கட்டலாம். பதினைந்து பேர் ஒரு குழு. முதல் நாள் ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் டாக்டர் பேச வேண்டும். அப்புறம் வாரம் ஒரு நாள் மாலை குழுவாக உட்கார வேண்டும். வீட்டில் சமைக்கிறவரும் கூட வர வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். கணவருக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டு மனைவியிடம் சொல்லாமல் விட்டால் ஒரு வாரம் தாங்காது. வராதவர்களை உணவியல் நிபுணர் போனில் கூப்பிட வேண்டும். ஒரு ஆளுக்கு மாதம் 2,000 வீதம் மூன்று குழு, 45 பேர் சேர்ந்தால் செலவு கட்டுப்படியாகும். நான்காவது குழுவிலிருந்துதான் அவளுக்குச் சம்பளம். அதற்கு ஒரு வருடம் ஆகலாம். அதுவரை வேலையை முழுதாக விடக் கூடாது. வாரம் மூன்று நாள் அதே மருத்துவமனையில் பகுதி நேரமாகக் கேட்கட்டும், எம்டி டாக்டருக்குக் கொடுப்பார்கள்.

ஆலைகளுக்கு வேறு வாசல் இருக்கிறது. ஆபத்தான வேலைமுறை உள்ள ஆலைகள் தொழில்சார் சுகாதாரம் தெரிந்த மருத்துவரை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏஎஃப்ஐஎச் என்று மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. சென்னைத் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் நடக்கிறது. நூற்பாலை அந்தப் பட்டியலில் வருகிறதோ இல்லையோ, அந்தச் சான்றிதழோடு போய்ப் பேசினால் எந்த மேலாளரும் காது கொடுப்பார். ஒரு ஆலையோடு ஒப்பந்தம் அமைந்தால் வாடகையும் ஒரு சம்பளமும் அதிலேயே வந்துவிடும். மூன்று மாதம்தான். உங்கள் காகிதத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

மகளுக்கும் கண்டிப்பாகச் சில வார்த்தை. அம்மா, "வேர்க் காரணம்" என்ற பெயரில் இன்று நடப்பதில் பாதி வியாபாரம். எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று இரத்தத்தில் பார்ப்பதாகச் சொல்லும், ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே வேண்டாம் என்கிற ஐஜிஜி உணவுப் பரிசோதனையைப் பல ஆயிரம் ரூபாய்க்கு எழுதுவது, டப்பா டப்பாவாகச் சத்துப் பொடி விற்பது, இதில் நீ காலை வைத்தால் நான் உன் அப்பா பக்கம்தான் நிற்பேன். "சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்" என்று பலகை வைத்தால் 1954ஆம் வருடத்து விளம்பரச் சட்டப்படி குற்றம், அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய் பெயரோடு இருக்கிறது. ஆய்வகத்திடம் கமிஷன் வாங்குவதை 2002ஆம் வருடத்து மருத்துவ நெறிமுறை தடை செய்கிறது. கிளினிக் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மாநில மருத்துவ நிறுவனச் சட்டப்படி பதிவு வேண்டும், ஊசி போட்டு இரத்தம் எடுத்தால் கழிவுக்கு அனுமதி வேண்டும். முக்கியமாக, முதல் வகைச் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின்தான் உயிர். யாருக்கும் சர்க்கரை அளவைப் பார்க்காமல் மருந்தைக் குறைக்காதே. நீ எம்டி படித்தது இதற்கெல்லாம்தான்.

ஐயா, எட்டு லட்சத்தில் அவள் சேமிப்பு ஐந்து இருக்கிறது என்று அவளே சொன்னாள். மீதி மூன்றை நீங்கள் கொடுங்கள், கடனாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம். பதினெட்டு மாதத்தில் 45 பேர் சேரவில்லை என்றால் கிளினிக்கை மூடிவிட்டு முழு நேர வேலைக்குத் திரும்பட்டும். எம்டி பட்டம் எங்கும் போகாது, தோப்பும் இருக்கும். மாப்பிள்ளை விஷயத்தில் எனக்குச் சொல்ல உரிமை இல்லை, ஆனால் பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதைவிட என்ன செய்கிறாள் என்று கேட்கிற வீடும் இருக்கிறது என்று அவள் அம்மா வாசலில் வைத்து என்னிடம் மெல்லச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் அன்று அவர் பேசியது. வீட்டில் அவரையும் பேச விடுங்கள்.

அப்புறம், அந்த "ஆளுக்கு" முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்பக் கேளுங்கள். தரவில்லை என்றால் இரசீதும் வங்கிப் பரிமாற்ற விவரமும் எடுத்துக்கொண்டு, மைத்துனரையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.