யார் முதலில் கூப்பிட்டார்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற வாரம் அமெரிக்காவின் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்தேன். வெள்ளை அங்கியும் கூம்புத் தொப்பியும் போட்ட கூட்டம் எரியும் சிலுவையைச் சுற்றி நிற்கிறது. அதில் கைக்குழந்தையுடன் ஒரு பெண். அன்று இரவு தூக்கம் வரவில்லை. இப்படிப்பட்ட அமைப்புகளில் சேருகிறவர்கள் படிக்காதவர்கள், வேலையில்லாதவர்கள், மனநிலை பிறழ்ந்தவர்கள்தானே? பெண்கள் எப்படிப் போய்ச் சேருகிறார்கள்? இந்த வெறி பிறவியிலேயே வருவதா? இவர்களைப் புரிந்துகொள்ள முயல்வதே இவர்களுக்கு நியாயம் கற்பிப்பதாக ஆகிவிடாதா? எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னோடு படித்த நெருங்கிய நண்பன் ஏதோ ஒரு குழுவில் சேர்ந்து, ஓர் இனத்தாரையே பூச்சிகள் என்று பேச ஆரம்பித்தான். ஒரே நாளில் அவனை பிளாக் செய்துவிட்டேன். மூன்று மாதம் ஆகிறது.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில நாட்களாக ஒரு பழைய ஊர்வலம் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதற்கு வருகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். பிறவியிலேயே வருவதா? இல்லை. அதில் பேச ஒன்றுமில்லை. புரிந்துகொள்வது நியாயம் கற்பிப்பதாகுமா? தீ எங்கே பிடித்தது என்று தேடுகிறவரைப் பார்த்து, நீ தீயின் பக்கமா என்று யாரும் கேட்பதில்லை. கொன்றவன் கொன்றவன்தான். அவன் கதை தெரிந்துவிட்டதால் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறைய வேண்டியதில்லை.

ஆனால் 'படிக்காதவர்கள், வேலையில்லாதவர்கள், மனநிலை பிறழ்ந்தவர்கள்தானே' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கே எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடம் போக முடியாதவர்கள் மேலும், நோயோடு போராடுகிறவர்கள் மேலும் எவ்வளவு சுலபமாகப் பழியைப் போட்டுவிட்டீர்கள்! 1920களில் கிளானில் லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். டாக்டர்கள், வக்கீல்கள், பாதிரியார்கள், கடை முதலாளிகள். சேர்வதற்குக் கட்டணம் 10 டாலர். ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கு அதில் 4 டாலர். 1923இல் பெண்களுக்கென்று தனி அமைப்பே ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் தொடங்கப்பட்டது. 1925 ஆகஸ்ட் 8ஆம் தேதி வாஷிங்டன் வீதிகளில் 30,000 பேருக்குக் குறையாமல் அங்கியோடு நடந்தார்கள். பட்டப்பகலில், முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல். அத்தனை பேருக்கும் பைத்தியமா? சொல்லுங்கள்.

கேத்லீன் ப்ளீ என்ற சமூகவியலாளர் அமெரிக்க இனவெறி அமைப்புகளில் இருந்த 34 பெண்களை நேரில் சந்தித்து, அவர்கள் வாழ்க்கைக் கதையைப் பொறுமையாகக் கேட்டார். அந்த ஆய்வு 2002இல் நூலாக வந்தது. வாசிக்கத் தொடங்க இடம் கேட்டீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலானோர் ஏழைகள் இல்லை, படிக்காதவர்களும் இல்லை. வெறுப்பு முற்றிப் போய் அமைப்பைத் தேடிச் சென்றவர்களாக இருப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? பலருக்கு அப்படி நடக்கவில்லை. ஒரு தோழி, ஒரு காதலன், பக்கத்து வீட்டுப் பழக்கம் என்று யாரோ ஒருவர் அழைத்துப் போயிருக்கிறார். போன பிறகுதான் யாரை வெறுக்க வேண்டும், எதற்காக என்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் மட்டும் 'ஒருநாள் இப்படி நடந்தது, என் கண் திறந்தது' என்று ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். வரிசை அதுவாக இருக்காது. பழக்கம் முதலில் வந்திருக்கும், கண் திறந்த கதை பின்னால் வந்து சேர்ந்திருக்கும்.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த வரிசை எனக்குத் தெரியும்.

எனக்கு 19 வயது. புது ஊர், புதுக் கல்லூரி, விடுதி. இரண்டு மாதம் யாரும் என்னோடு சாப்பிட உட்கார்ந்ததில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய்த் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன். ஒரு சாயங்காலம் அடுத்த அறை அக்காக்கள் மூன்று பேர் கதவைத் தட்டி, "சும்மாதானே இருக்கே, நீயும் வாயேன்" என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. பிழைப்புத் தேடி வந்து குடியேறிய ஒரு மக்களை ஊரை விட்டு வெளியேறச் சொல்லும் ஊர்வலம் அது. அந்த மக்களில் ஒருவரையும் நான் அறிந்ததில்லை. முதல் தெருவில் உதட்டை மட்டும் அசைத்தேன். இரண்டாவது தெருவில் முணுமுணுத்தேன். மூன்றாவது தெருவில் என் குரல் எனக்கே கேட்டது.

அந்தத் தெருவில் ஒரு மாடி ஜன்னலில் வயதான அம்மா ஒருவர் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை போலிருக்கிறது, ஒரு பக்கக் கதவு மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார், மறுபடி திறந்தது. கடைசியில் கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். வெளியே அந்த நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஊர்வலம் முடிந்ததும் ஓர் அக்கா தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்து, "உன் குரல் நல்லா எடுக்குதுடி" என்றாள். அன்று இரவு விடுதியில் எனக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அவ்வளவு நிம்மதியாக நான் அந்த ஊரில் அதற்கு முன் தூங்கியதில்லை. அதற்குப் பிறகுதான் அவர்கள் கொடுத்த துண்டறிக்கைகளைப் படித்தேன். படித்ததையெல்லாம் நம்பினேன். எனக்கு இடம் பிடித்து வைத்தவர்கள் பொய் சொல்வார்கள் என்று எப்படித் தோன்றும்?

இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். யாரோ கூப்பிடுகிறார்கள், போகிறோம், உட்கார இடம் கிடைக்கிறது, அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வெறுக்கக் கற்றுக்கொள்கிறோம். சிகாகோ பக்கத்தில் 1987இல் ஒரு சந்தில் நின்றிருந்த 14 வயதுப் பையனை ஹிட்லரின் கொள்கையை இன்றும் தூக்கிப் பிடிக்கும் நவநாஜிக் குழு ஒன்றின் தலைவன் கூப்பிட்டுப் பேசினான். பையன் பெயர் கிறிஸ்டியன் பிச்சொலினி. பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறி நாள் முழுக்க உழைத்துக்கொண்டிருந்தவர்கள். அந்த வயதில் அவனுக்கு யூதர்களைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? ஒரு பெரிய ஆள் தன்னை மதித்துப் பேசினான், அதுதான் தெரியும். பிறகு அவனே ஒரு குழுவுக்குத் தலைவனானான். வெளியே வந்தபின், மற்றவர்களை வெளியே கொண்டுவரும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தான்.

வட கரோலினாவின் டர்ஹம் நகரில் சி. பி. எல்லிஸ் என்று ஒருவர். தந்தை பஞ்சாலைத் தொழிலாளி. இவருக்குக் கடன் வாங்கி எடுத்த பெட்ரோல் பங்க், எவ்வளவு உழைத்தும் தீராத பாக்கி, கண் தெரியாத ஒரு குழந்தை. கிளானில் சேர்ந்த இரவைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். விளக்கெரியும் சிலுவைக்கு முன் மண்டியிட்டு உறுதிமொழி எடுத்து எழுந்தபோது நூற்றுக்கணக்கானோர் கைதட்டினார்கள். ஒரு சாதாரண ஆளுக்காக அத்தனை கைதட்டல். அந்த ஊர்க் கிளைக்கே பின்னர் தலைவரானார்.

அவர் சொன்ன இன்னொன்று என்னை இன்றும் சுடுகிறது. கறுப்பின மக்கள் நகர்மன்றத்துக்கு வந்து கோரிக்கை வைக்கும் நாட்களில், மன்ற உறுப்பினர்கள் எல்லிஸுக்கு போன் செய்து ஆட்களோடு வரச் சொல்வார்கள். பிறகொரு நாள் தெருவில் எதிரே பார்த்தால், அதே உறுப்பினர் அடுத்த பக்கம் கடந்து போய்விடுவார். எம்., 'படிக்காதவர்கள்' என்று நீங்கள் கை நீட்டியபோது அந்த மன்ற உறுப்பினர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார். படித்தவர், கௌரவமானவர், அங்கி போடாதவர். அவரை உங்கள் ஆவணப்படம் காட்டாது.

1971இல் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்ப்பது பற்றிப் பேச டர்ஹமில் 10 நாள் கூட்டம் நடந்தது. இணைத் தலைவர்களாக எல்லிஸும் ஆன் அட்வாட்டரும். அட்வாட்டர் கறுப்பினப் பெண், ஏழைகளின் வீட்டுரிமைக்காகப் போராடியவர். இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. நாட்கள் போகப் போக, தன் பிள்ளைகள் தன்னால் பள்ளியில் அவமானப்பட்டு அழுதுகொண்டு வருகிறார்கள் என்று ஒருவர் சொல்ல, என் வீட்டிலும் அதேதான் என்று மற்றவர் சொல்ல, இருவரும் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். கடைசி நாள் எல்லிஸ் எல்லார் முன்னிலையிலும் தன் கிளான் உறுப்பினர் அட்டையைக் கிழித்தார். பழைய நண்பர்கள் எல்லாரையும் இழந்தார். பின்னாளில், பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள் இருந்த சங்கத்துக்கு நிர்வாகியானார்.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரு பயம் வருகிறது. பாதிக்கப்பட்டவர்கள் போய் வெறியர்களின் கையைப் பிடித்து மீட்டு வரவேண்டும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அட்வாட்டர் செய்தது அவருடைய பெருந்தன்மை, அது யாருடைய கடமையும் ஆகாது. அந்த ஜன்னலைப் பிடித்திருந்த அம்மா எனக்கு எதுவும் கடன்பட்டவர் இல்லை. கடமை யாருக்கு என்றால், அந்த ஆளை முன்பே அறிந்தவர்களுக்கு. கூடப் படித்தவர்களுக்கு.

நார்வேயில் 1997இலும் சுவீடனில் 1998இலும் ஜெர்மனியில் 2000இலும் இத்தகைய குழுக்களை விட்டு வெளியேற விரும்புகிறவர்களுக்கு உதவும் திட்டங்கள் தொடங்கின. சுவீடன் திட்டத்தைத் தொடங்கியவர் ஒரு முன்னாள் நவநாஜி. கொள்கை கசந்துபோன பிறகும் பலர் உள்ளேயே கிடக்கிறார்கள். நண்பர், அறை, வேலை எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. வெளியே வந்தால் கதவு தட்ட ஆளில்லை.

நான் விலகியது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. நல்ல புத்தகம் படித்துத் திருந்தினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அந்த அக்காக்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அடுத்த வருடம் என் அறைக்கு வந்தவள் வேறு சிநேகிதிகளிடம் என்னை அழைத்துப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த நான்கு விரல்களுக்காக நான் அழுதது பல வருடங்கள் கழித்துத்தான்.

இப்போது உங்கள் நண்பன். பூச்சிகள் என்ற அந்தச் சொல்லை நீங்கள் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது, அது சரி. அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஒரே நாளில் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிகிறது. இந்த மூன்று மாதமும் அவனைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் யார் என்று யோசித்தீர்களா?

அவன் யாரையும் அடிக்கக் கிளம்பியிருக்கிறான் என்று தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லுங்கள், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அப்படி இல்லையென்றால் பிளாக்கை எடுத்துவிட்டு இன்று இரவே போன் செய்யுங்கள். புள்ளிவிவரமெல்லாம் வேண்டாம், தோற்றுப்போவீர்கள். அந்தச் சொல் உங்களுக்கு வலித்தது என்று ஒரு முறை சொல்லுங்கள். பிறகு அவன் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லுங்கள். எடுக்கவில்லையென்றால் நாளையும் அடியுங்கள்.

அன்புடன்,
அக்கா