கல்மரமும் கல்வெட்டும்

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்களை விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு ஒருநாள் அழைத்துச் செல்லவிருக்கிறோம். வெறும் சுற்றுலாவாக முடிந்துவிடாமல் அறிவியலும் வரலாறும் மனத்தில் பதிய என்ன செய்யலாம்?
- அரசுப் பள்ளி ஆசிரியை, திண்டிவனம்

பதில்: முதலில், பூங்காவின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லாதீர்கள், அதைத் திரும்பும் வழியில் படித்துக்கொள்ளலாம். தரையில் கிடக்கும் ஏதாவது ஒரு கல்மரத்தை, அதாவது கல்லாக மாறிய பழங்கால மரத்தை, சுற்றி மாணவர்களை அமரச் செய்து, தொட்டுப் பார்க்கவும் கைலென்சால் வளையங்களைத் தேடவும் விடுங்கள். "அடிமரம் மட்டும் இருக்கிறதே, கிளையும் வேரும் எங்கே?" என்று யாராவது கேட்கும்வரை காத்திருங்கள். விடையை முந்திச் சொல்லிவிடும் ஆசை ஆசிரியர்களான நமக்கெல்லாம் உண்டு. அன்று ஒருநாள் அதை அடக்கிக்கொள்ள வேண்டும்.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இம்மரங்கள் இவ்விடத்தில் வளர்ந்தவை அல்ல என்றும், வேறெங்கோ சாய்ந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டபோது கிளையும் வேரும் பட்டையும் இழந்தவை என்றும் புவியியலாளர்கள் கருதுவதற்கு அந்த வெறுமையே சான்று. மணலுக்கடியில் காற்றுப் படாமல் புதைந்ததால் அவை விரைவில் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா (மணலில் உள்ள தாதுப்பொருள்) மரத்தின் செல்களுக்குள் புகுந்து மெல்ல மெல்லப் படிந்ததால், உருவம் அப்படியே இருக்க, பொருள் மட்டும் கல்லாயிற்று. இதைச் சொன்ன கையோடு சங்கராபரணி ஆற்றங்கரையில் சற்று நின்று, ஆறு எதையெல்லாம் கொண்டுவந்து ஒதுக்கியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னால் பாடம் முழுமையாகும்.

வரலாற்றுப் பாடத்துக்கு, பக்கத்திலேயே சம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோயில் இருக்கிறது. அரசர்களின் பட்டியலை ஒப்பிக்க வேண்டாம். சோழர் காலக் கல்வெட்டு ஒன்றின் முன் நிறுத்தி, தெரிந்த எழுத்துகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 'ட', 'ப' ஆகியவை எளிதில் பிடிபடும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது, துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொன்னால் போதும். ஒரு வரியையாவது எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள்.

கேள்வி: மாதிரிக்குக் கல்மரத்தின் ஒரு சிறு துண்டை எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. அது பாதுகாக்கப்பட்ட இடம். நூலால் சுற்றளவை அளந்து, வளையங்களைப் பார்த்து வரைந்து வரச் சொல்லுங்கள்.