குடும்பச் சாபம் என்று ஜெபக்குழுவில் பயமுறுத்தினால் விசுவாசத்தில் எப்படி நிலைத்து நிற்பது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருந்து கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. பாட்டி காவடி எடுத்தவர், அதனால் உங்கள் வீட்டில் சாபம் நிற்கிறது என்று வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை முறிக்க ‘விதைக் காணிக்கை’, அதாவது விதைத்தால் ஆசீர்வாதம் விளையும் என்று சொல்லி வாங்கும் பணம், அனுப்பச் சொல்கிறார். பயத்தில் உங்களுக்கு ஜெபிக்கவே மனம் ஒன்றவில்லை.

டர்பன் வட்டாரத்தில் இந்தச் சாபப் பேச்சு அடங்குவதே இல்லை. சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் உள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெரும்பாலானவை சில தலைமுறைக்கு முன்பு மாரியம்மனையோ முருகனையோ கும்பிட்டவைதான். “உங்கள் முன்னோர் விக்கிரகத்தை வணங்கினார்கள்” என்று யாரைப் பார்த்துச் சொன்னாலும் பொருந்தும். அதைச் சொல்லத் தரிசனம் எதுவும் வேண்டாம்.

அவர்கள் காட்டும் வசனம் யாத்திராகமம் 20:5. மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தண்டனை என்பது. அந்த வசனத்தையே கடைசிவரை படியுங்கள், ‘என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து’ என்று இருக்கும். அடுத்த வசனத்தில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம். பிறகு எசேக்கியேல் 18 முழுவதையும் வாசியுங்கள். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசியது என்ற பழமொழியை இனிச் சொல்லக் கூடாது என்று கர்த்தரே தடுக்கிறார். தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று 20ஆம் வசனம் தீர்த்துச் சொல்கிறது. கலாத்தியர் 3:13 இதற்கும் மேலே போகிறது: கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார். மீட்டு முடித்ததை மாதத் தவணையில் முறிக்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

நான் ஆவியின் வரங்களை மறுக்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். தீர்க்கதரிசனத்தை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5:20 சொல்கிறது. எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று உடனே 21 சொல்கிறது. சோதிப்பதை அவிசுவாசம் என்று திட்டுகிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? குரல் பதிவை அழிக்காமல் வையுங்கள். ஒரு நோட்டில் தேதி, சொன்னவர் யார், சொன்ன வார்த்தை அப்படியே, உங்களிடம் என்ன கேட்டார், இவற்றை எழுதுங்கள். வார்த்தையை அப்படியே எழுதாவிட்டால் பிறகு நடந்ததற்கு ஏற்றபடி நம் ஞாபகமே அதை வளைத்துவிடும். “உங்கள் வீட்டில் ஒருவருக்கு வயிற்று நோவு” என்பது எந்த வீட்டுக்கும் ஒத்துவரும். பெயர், ஊர், அறுவை சிகிச்சை என்று துல்லியமாகச் சொன்னால், அது உங்கள் ஃபேஸ்புக்கிலோ குழுவில் நீங்கள் போட்ட ஜெப விண்ணப்பத்திலோ ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். சபை மூப்பர்கள் முன்னால் அதையே சொல்லத் தயாரா என்று கேளுங்கள். மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29. “இன்று இரவுக்குள்”, “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் மேற்கொண்டு ஆராயவே வேண்டாம்.

எல்லோரும் சுவரில் மாட்டும் வாக்குத்தத்தம் எரேமியா 29:11. அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோன் சிறையிருப்பு எழுபது வருஷம் என்று இருப்பதையும், எட்டாம் வசனத்தில் உங்கள் நடுவிலிருக்கும் தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதீர்கள் என்று இருப்பதையும் யாரும் மாட்டுவதில்லை. 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்றான். ஜனங்கள் கேட்க விரும்பியது அதுதான். அவன் அந்த வருஷமே செத்தான். நம் நாட்டிலேயே ஒருவர் 2025 செப்டம்பர் 23, 24 இல் இயேசு வந்து சபையைப் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்வார் என்றார். நாள் கடந்ததும் தேதி அக்டோபருக்கு நகர்ந்தது. உபாகமம் 18:22, சொன்னது நடக்காவிட்டால் ‘அவனுக்கு நீ பயப்படவேண்டாம்’ என்று முடிகிறது. உங்கள் பயத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

பண விஷயத்தில் தயங்காமல் கேளுங்கள். கணக்கு சபையின் பெயரிலா, ஆளின் பெயரிலா? 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி இலாபநோக்கற்ற அமைப்பாகப் பதிந்த சபை, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்குக் கணக்கறிக்கை தர வேண்டும். பதிவு கட்டாயமில்லைதான். பவுல்கூடக் காணிக்கைப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை, 2 கொரிந்தியர் 8:19 முதல் 21 வரை பாருங்கள்.

சுகர் மாத்திரையையோ இன்சுலினையோ ‘விசுவாசத்தால்’ நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். குணமான குஷ்டரோகியையே, குணத்தை உறுதிசெய்யும் ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னார் இயேசு.

இனி மனம் ஒன்றாதது. போனை வேறு அறையில் வைத்துவிட்டு அச்சிட்ட வேதாகமத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள், ஆகவே மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம், பாக்கி சேர்ந்து சேர்ந்து விட்டுவிடுவோம். ஜெபத்தில் வேறு நினைப்பு வந்தால் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அதையே ஜெபமாக்குங்கள்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்னாப்பிரிக்க அரசியல் சட்டம் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது. நம் சபைகளிலோ தமிழ் வேதாகமங்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. ஆங்கிலத் திரையில் அரை வசனம் ஓடுகிறது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த வயதான தாய்மார் அதை எப்படிச் சரிபார்ப்பார்கள்? பவுல் சொன்னது சரிதானா என்று பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் ஆராய்ந்தது கையில் வேதம் இருந்ததால்தான்.

பாட்டி உயிரோடு இருந்தால் அவரை ஒதுக்கி வைக்காதீர்கள். பேரன் பேத்திகள் முதலில் சொந்த வீட்டாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யட்டும் என்கிறது 1 தீமோத்தேயு 5:4. சாபம் என்று சொன்னவர் அந்த அதிகாரத்தைக் காட்டியிருக்க மாட்டார்.